நாலு கம்பி டெனிஸ்

என் தம்பி டெனிஸைப் பார்க்க வேண்டுமென்றால் யூடியூபில் 'மின்தடை' என்று தேடுங்கள். தாம்பரத்தில் பிறந்த ராக் பாண்டு. காலேஜ் படிக்கிற பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னால் போதும், பாதிப் பேர் பாடியே காட்டுவார்கள். மேடைக்கு நடுவில் மைக்கைக் கடித்துத் தின்பவன் போல நிற்பவன் பர்வேஸ். அவனுக்கு வலப்பக்கம் முடியை ஆட்டி ஆட்டி கித்தார் வாசிப்பவன் ராகவன். முழுப் பெயர் ஸ்ரீநிவாசராகவன், அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது. பின்னால் டிரம்ஸ் அடிப்பவள் வினிதா. இடப்பக்கம், லைட் வெளிச்சம் முடிகிற இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே கட்டம் போட்ட சட்டையோடு ஒருவன் நிற்பான். பாதி வீடியோவில் அவன் முழுசாக இருக்கமாட்டான், அவன் கையோ காலோதான் இருக்கும். அவன்தான் என் தம்பி.

அவன் வாசிப்பது பேஸ் கித்தார். சாதாரண கித்தாரில் ஆறு கம்பி, இதில் நாலுதான். ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்த எங்கள் சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரெண்டு கம்பி அறுந்து போய்விட்டதே, புதுசு போட்டு வாசிக்கக் கூடாதா என்று கேட்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் அவன் பெயர் நாலு கம்பி. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அக்கா கேலி செய்யாமல் வேறு யார் செய்வது?

பேஸ் என்றால் என்ன என்று பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பாட்டுக்கு அடியில் தும் தும்மென்று ஓடுகிற கனமான சத்தம். வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை, நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்போம். அது போலத்தான். இதற்கு மேல் எனக்கும் விளக்கத் தெரியாது.

நான் தபீதாள். பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து பழகிவிட்டது. தபால் ஆபீஸில் கவுன்ட்டரில் உட்காருகிறேன், அதனால் எனக்குப் பொறுமை கிடையாது. கவுன்ட்டரில் இருந்தால் பொறுமை வரும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடம்பாக்கம் ரோட்டில் அப்பா கட்டிய வீட்டில் கீழே நான், மேலே டெனிஸும் அவன் மனைவி சுஜியும்.

அப்பா வேதசிரோமணி, சர்ச் பாடகர் குழுவான க்வயரில் பேஸ் பாடியவர். கீழ்க்குரல். டெனிஸுக்குக் குரல் உடைந்த வருஷமே அவனையும் இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அப்பாவுக்கு ஒரே சட்டம்தான்: பேஸ் பாடுகிறவனின் குரல் தனியாகக் கேட்கக் கூடாது, கேட்டால் அது தப்பு. நான் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவள், எனக்கு இந்தச் சட்டமே பிடிக்காது. ஆனால் டெனிஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். வீட்டிலும் அப்படியே வளர்ந்தான். சாப்பாடு போதுமா என்று கேட்டால் போதும் என்பான், தட்டு காலியாகத்தான் இருக்கும்.

காலேஜில்தான் பர்வேஸ் கிடைத்தான். பர்வேஸின் அப்பா அப்துல் கஃபார் திருமுடிவாக்கத்தில் கிரில் கேட் செய்கிற பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது, அந்த ஷெட்டில்தான் நாலு பேரும் வாசித்துப் பழகினார்கள். இரும்புத்தூள் மேல் நின்றுகொண்டு கத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் மூன்று பேர் வாசிப்பது நின்றுவிடும், வினிதா மட்டும் இருட்டில் அடித்துக்கொண்டிருப்பாள். மின்தடை என்ற பெயர் அப்படி வந்தது.

அவர்களைத் தூக்கி விட்ட பாட்டு 'கேட் போட்டாச்சு'. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவனின் பாட்டு. அது தொடங்கும்போது வேறு எதுவும் இருக்காது, பேஸ் மட்டும் தனியாக வரும். ஊரெல்லாம் வாயால் தும் தும் போட்டுக்கொண்டு திரிந்தது அதைத்தான். ஆட்டோக்காரரின் ரிங்டோனாகக் கேட்டிருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். பெருங்களத்தூர் கேட்டில் பைக்கை நிறுத்திவிட்டு, பெட்ரோல் டேங்கில் விரலால் தட்டித் தட்டி டெனிஸ் போட்டது அது. அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான், அதனால் எனக்குத் தெரியும். ஊருக்கு அது பர்வேஸின் பாட்டு. பாடுகிறவன் பெயரில்தான் பாட்டு இருக்கும், அதில் பர்வேஸின் தப்பு எதுவும் இல்லை.

அதற்கப்புறம் பர்வேஸ் பர்வேஸானான், மேடவாக்கத்தில் பெரிய ஃப்ளாட் வாங்கினான். ராகவன் சினிமாவுக்கு வாசிக்கப் போனான். டெனிஸ் சேலையூரில் ஒரு மெட்ரிக் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை மாலை கோயம்புத்தூருக்கு வேன் ஏறுவான், திங்கட்கிழமை காலை ப்ரேயருக்கு நிற்பான். பிள்ளைகள் அவனிடம் பர்வேஸின் ஆட்டோகிராஃப் வாங்கித் தரச் சொல்வார்கள், வாங்கித் தருவான். ரசிகர்கள் ஓடி வந்து அவன் கையில் போனைத் திணித்து, அண்ணா, எங்களையும் பர்வேஸ் அண்ணாவையும் ஒரு போட்டோ எடுங்களேன் என்பார்கள். எடுப்பான். வெளிச்சம் சரியில்லை, இப்படித் திரும்புங்கள் என்று வேறு சொல்லுவானாம். சுஜி இதையெல்லாம் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை டிவியில் இவர்கள் பேட்டி வந்தது. ஒரு மணி நேரப் பேட்டியில் சோபாவின் ஓரத்தில் அவன் முழங்கால் மட்டும் தெரிந்தது. மறுநாள் நான் மேலே போனபோது, போனில் அதையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "இது என் முட்டிதான்க்கா," என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காபி போடப் போனேன்.

இந்த இரண்டு வருஷமாக அவன் ரொம்பவும் ஓய்ந்து போயிருந்தான். சர்க்கரை வந்துவிட்டது. பரீட்சை பேப்பர், வேன், மேடை, மறுபடி பேப்பர். வீட்டுக்கு வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிடுவான். மாடியிலிருந்து சாயங்காலம் வருகிற தும் தும் சத்தமும் நின்று போயிருந்தது. நாற்பத்தைந்தை நெருங்குகிறான், இன்னும் எத்தனை நாளைக்குத்தான் வாசித்துப் பழகிக்கொண்டிருப்பான் என்று நானும் சுஜியும் பேசிக்கொண்டோம். அதோடு விட்டுவிட்டோம்.

போன மாசி மாதம் ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸில் மதியம் இவர்கள் நிகழ்ச்சி. சனிக்கிழமையாக இருந்ததால் நானும் சுஜியும் போனோம். மற்றவர்கள் பர்வேஸைப் பார்ப்பார்கள். சுஜி டெனிஸின் கையை மட்டும் பார்ப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். மூன்றாவது பாட்டின் நடுவில் டெனிஸின் தோளில் இருந்த பட்டை கழன்று கித்தார் கீழே சரிந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஒரு கைகூடக் கம்பியில் இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் பேஸ் சத்தம் ஒரு துளிகூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சுஜி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தி வலித்தது. டெனிஸ் பட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து மறுபடியும் விரலை ஓட்டினான். மைதானத்தில் வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை.

எங்களுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. இவர்கள் மேடையில் லேப்டாப் ஒன்று ஓடும். கோரஸ், வயலின் மாதிரி மேடையில் இல்லாத சத்தமெல்லாம் அதிலிருந்து வரும். சவுண்ட் பார்க்கிற யாசீன்தான் அதை ஓட்டுவான். ஆல்பத்தில் பதிவான பேஸையும் அதிலேயே போட்டுவிட்டு, மேடையில் வாசிக்கிறவனின் சத்தத்தை மூடிவிட்டால் முடிந்தது. வாசிக்கிறவர்கள் காதில் ஆளுக்கொரு கருவி மாட்டியிருப்பார்கள், யாசீன் எதைக் கொடுக்கிறானோ அதுதான் அவரவருக்குக் கேட்கும். ஆக, என் தம்பியை மேடையில் பொம்மையாக நிற்க வைத்திருக்கிறார்கள், அந்த மடையனுக்கு அது தெரியாமல் வேர்த்து விறுவிறுத்து வாசித்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சுஜி அதிர்ந்து பேசாதவள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அன்று வீட்டுக்கு வந்ததும் என் சமையலறையில் நின்றுகொண்டு, "அவருக்குத் தெரியவே கூடாது அண்ணி. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். தெரியாமலே நான் இதைச் சரி பண்ணிடறேன்," என்றாள். திங்கட்கிழமை ஸ்கூல் விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் போய், பர்வேஸின் ஃப்ளாட் கதவைத் தட்டிவிட்டாள்.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். பர்வேஸுக்கு முகம் வெளுத்துவிட்டதாம். தனக்கு எதுவும் தெரியாது என்று செத்துப்போன அவன் அப்பா மேல் சத்தியம் செய்தானாம். அங்கேயே யாசீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டானாம்.  யாசீன், தப்பு என்னுடையதுதான், லேப்டாப்பில் ஓட்டினால் வேலை சுலபம் என்று சோம்பேறித்தனத்தில் அப்படியே விட்டுவிட்டேன் என்றானாம். பர்வேஸ் அந்த நிமிஷமே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டான்.

சுஜி வரும்போது கேம்ப் ரோட்டில் சமோசா வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் மனசு ஆறியது. யாசீன் நல்ல பிள்ளை மாதிரி சிரிப்பானே, இப்படிச் செய்துவிட்டானே என்று நன்றாகத் திட்டினேன். டெனிஸிடம் யாசீனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து டெனிஸ் சரியாகச் சாப்பிடவில்லை. கூட வேலை செய்தவன் போய்விட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டோம்.

யாசீன் போன பிறகு வந்த முதல் மேடையே பெரிய மேடை. மின்தடைக்கு இருபது வருஷம் ஆனதற்கு வண்டலூர் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் விழா ஏற்பாடானது. ரிகர்சலுக்கு டெனிஸ் போகவில்லை. பேப்பர் திருத்த வேண்டும் என்று சொன்னான், அவன்தான் எல்லாம் மனப்பாடமாக வாசிப்பானே என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை. மேளமோ பாட்டோ இல்லாமல் ரிகர்சல் நடக்காது. பேஸ் இல்லாமல் நடக்கும்.

விழா அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு டெனிஸ் வேனில் கிளம்பிப் போனான். நானும் சுஜியும் சாவகாசமாகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தோம். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. வந்தவன் யாசீன். எனக்கு வந்த கோபத்தில் வாசலிலேயே நிறுத்தினேன். எந்த முகத்தோடு இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"திட்டுங்கக்கா, அப்பறமா திட்டுங்க," என்றான் யாசீன். "டெனிஸ் அண்ணன் போன எடுக்க மாட்றாரு. பர்வேஸ் பாய் இன்னிக்கி ஸ்டேஜ்ல அவர தனியா வாசிக்க சொல்லப் போறாராம். சர்ப்ரைஸாம். லைட்டு போடற பையன் இப்பதான் சொன்னான். அண்ணனால முடியாதுக்கா. எடது கைல ரெண்டு விரல் மரத்துப் போய் கீது. ஒன்ற வருஷமா கீது."

சுஜி தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு வெளியே வந்தாள்.

படியில் உட்கார்ந்து அவன் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். சர்க்கரையால் நரம்பு கெட்டுப் போயிருக்கிறது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் உணர்ச்சி கிடையாது. கம்பியை அழுத்தினோமா இல்லையா என்பதே டெனிஸுக்குத் தெரிவதில்லை. யாசீனைக் கூட்டிக்கொண்டுதான் டாக்டரிடம் போயிருக்கிறான். முழுதாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆல்பத்தில் இருக்கிற தன் பேஸையே லேப்டாப்பில் ஓட்டிவிட்டுத் தன் சத்தத்தை மூடிவிடும்படி யாசீனிடம் கேட்டவனே டெனிஸ்தான். வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, பர்வேஸுக்கு மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்தச் சத்தியத்துக்காகத்தான் இந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"சர்ச்சுல அப்படித்தான் பண்ணுவாங்கன்னு சொன்னாருக்கா," என்றான் யாசீன்.

சர்ச்சில் அப்படித்தான் செய்வோம். இது க்வயர்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். தொண்டை கட்டிக்கொண்ட அன்று வீட்டில் இருந்துவிட முடியாது. வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு உன் இடத்தில் வந்து நிற்க வேண்டும், வாயை மட்டும் அசைக்க வேண்டும். வரிசையில் ஓட்டை தெரியக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவன் உனக்கும் சேர்த்துப் பாடிவிடுவான். அடுத்த ஞாயிறு தொண்டை சரியாகிவிடும். நானே எத்தனையோ பண்டிகைக்கு அப்படி நின்றிருக்கிறேன், அதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். இந்த முட்டாள் ஒன்றரை வருஷமாக வாயை அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனுக்கும் சேர்த்துப் பாடியவனும் அவனேதான், விரல் நன்றாக இருந்த காலத்து டெனிஸ்.

 "அப்ப நான் போய்..." என்று ஆரம்பித்தாள் சுஜி.  அவளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. புருஷனுக்கு அநியாயம் நடக்கிறது என்று நினைத்தவள் போய்க் கேட்டாள். கேட்காமல் இருந்திருந்தால்தான் நான் அவளைத் திட்டியிருப்பேன். அவன் அல்லவா வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்? அந்த நேரத்தில் எனக்கு, தனியாகக் கேட்டால் தப்பு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்த என் அப்பா மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஒரு ஆட்டோவைப் பிடித்து மூன்று பேரும் ஏறினோம். டெனிஸின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேடைக்குப் போகும்போது போனைப் பையில் போட்டுவிடுவான் என்று சுஜிக்குத் தெரியும், ஆனாலும் விடாமல் அடித்தாள். பர்வேஸின் போன் அணைத்துக் கிடந்தது. பெருங்களத்தூரில் வண்டிகள் அசையவில்லை. பாலத்துக்குக் கீழே பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரரிடம் எப்படியாவது போங்கள் என்று கத்தினேன். இறக்கையா வச்சிருக்கேன் என்று அவரும் கத்தினார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மைதானத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்து, மேடை விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நிகழ்ச்சி பாதி ஓடிவிட்டது. மேடைக்குப் பின்னால் போகிற வழியில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு தடியன் நின்றான். யாசீனை அவனுக்கு அடையாளம் தெரிந்தது, உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். சுஜி முன்னால் போய், நான் டெனிஸோட வைஃப் என்றாள்.

"எந்த டெனிஸ்?" என்று கேட்டான்.

இருபதாவது வருஷ விழா. மேடையில் இருப்பது நாலு பேர்.  யாசீனை அங்கேயே விட்டுவிட்டு, கையில் இருந்த பாஸைக் காட்டி முன்பக்கமாகக் கூட்டத்துக்குள் புகுந்தோம். இடித்துத் தள்ளிக்கொண்டு தடுப்புக் கம்பிவரை போனோம். அங்கிருந்து டெனிஸ் நன்றாகத் தெரிந்தான். பேஸ் சத்தம் ஒற்றை ஒற்றையாக, மெதுவாக வந்துகொண்டிருந்தது. புது சவுண்ட்காரர் அவன் சத்தத்தைத் திறந்து வைத்திருக்கிறார், இவன் நல்லபடியாக இருக்கிற இரண்டு விரலை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. சமாளித்தும்விட்டான். இன்னும் இரண்டு பாட்டுதான் பாக்கி. இப்படியே முடிந்துவிடும் என்று நான் ஜெபம் செய்தேன்.

பாட்டு நின்றது. பர்வேஸ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"ஒருத்தர்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்," என்றான். "இருபது வருஷமா எனக்கு இடது பக்கம் நிக்கறான். நீங்க வாயில தும் தும்னு போடறது அவன் போட்டது. பெருங்களத்தூர் கேட்ல உக்காந்து போட்டான். அதை நான் ஒரு நாளும் சொன்னதில்ல. இன்னைக்கு அவன் மட்டும் வாசிப்பான், நாங்க கேப்போம். டெனிஸ்!"

அவன் குரல் உடைந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். பெரிய வெளிச்சம் ஒன்று சுற்றி வந்து கட்டம் போட்ட சட்டைமேல் நின்றது. டெனிஸ் கண்ணைச் சுருக்கினான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் கத்தியது. டெனிஸ், டெனிஸ் என்று மைதானம் முழுக்க ஒரே பெயர். இந்த நாளுக்காக நான் எத்தனை வருஷம் வயிறெரிந்திருக்கிறேன்! சுஜி கம்பிமேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவளைச் சுற்றி எல்லோரும்தான் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

டெனிஸ் 'கேட் போட்டாச்சு'வைத் தொடங்கினான்.

நான் அதை மாடியிலிருந்து இருபது வருஷம் கேட்டவள். முதல் சத்தமே சப்பென்று விழுந்தது. மூன்றாவது வரவே இல்லை. நாலாவது வேறு எங்கேயோ போய் நின்றது. கம்பி தகரம் மாதிரி அதிர்ந்தது. அவன் விரலைக் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தான், பார்க்காமல் வைக்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தான். மறுபடி அதே இடத்தில் விழுந்தான். ராகவன் தலையைக் குனிந்துகொண்டான். பர்வேஸின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் வினிதா தாங்கமாட்டாமல் டிரம்ஸை அடித்து உள்ளே புகுந்தாள், மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், பாட்டு ஒரு வழியாகக் கரை ஏறியது.

கூட்டம் கை தட்டியது. எப்படித் தட்டினார்கள் தெரியுமா? போன் வெளிச்சத்தையெல்லாம் தூக்கிப் பிடித்து, விசிலடித்து, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செமயா வாசிக்கறார்ல என்று என்னிடமே சொன்னாள். டெனிஸ் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை.

முடிந்த பிறகு எங்களால் அவன் பக்கத்தில் போகவே முடியவில்லை, அவ்வளவு பேர் போட்டோ எடுக்க நின்றார்கள். இந்தத் தடவை போனைப் பிடித்துக்கொண்டு எடுத்தவன் பர்வேஸ். கூட்டம் கரைந்ததும் சுஜி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டெனிஸின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். ஏண்டா என்கிட்ட சொல்லல என்று கேட்டான். சொல்லியிருந்தா என்னை நிக்க வெச்சிருப்பியா என்று டெனிஸ் திருப்பிக் கேட்டான்.  அதற்குப் பிறகு டெனிஸ் நேராகப் போய், வெளியே நின்றுகொண்டிருந்த யாசீனைக் கட்டிக்கொண்டான்.

வேன் எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது.  சுஜி அழுது அழுது ஓய்ந்திருந்தாள். நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன் என்றாள். நீ என்னம்மா பண்ணுவ என்றான் டெனிஸ். மாடிக்குப் போகாமல் என் கூடத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். தம்ளரை வலது கையில் வாங்கினான்.

"இருபது வருஷம் ஒழுங்கா வாசிச்சேங்க்கா," என்றான். "இன்னைக்கு மாதிரி கேவலமா ஒரு நாளும் வாசிச்சதில்ல. இன்னைக்குத்தான் கை தட்டினாங்க. அப்ப, அத்தனை வருஷமும் யாருமே கேக்கலையாக்கா?"

 அவன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"உனக்காவது தெரிஞ்சுதா?"

சுஜி கதவோரம் நின்று, தெரியலைன்னு சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

"முதல் நோட்டுலயே தெரிஞ்சுதுடா," என்றேன். "மூணாவது வரவே இல்ல. நாலாவது தப்பு. ரெண்டாவது தடவையும் அங்கேயே விழுந்த. கேக்க சகிக்கலடா டெனிஸ், எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு."

சுஜி முகத்தைப் பொத்திக்கொண்டாள். டெனிஸ் என்னையே பார்த்தான். அவன் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. எத்தனையோ மாசமாக நான் பார்க்காத அவன் பழைய முகம் திரும்ப வந்தது.

"அப்பாடா," என்றான்.

அப்புறம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். தோசை மாவு இருந்தது. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.